மாநாட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சலா?

மாணவர் பத்திரிகையாளர் மாநாட்டுக்கு உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்து விட்டார்கள். மூன்று நாள் பிரிக்பீல்ட்ஸ் விடுதியில் தங்கல். பெருமைதான். ஆனால் இரண்டாம் நாளே காய்ச்சல் கண்டால்?

பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். ஆசிரியருக்குத் தொல்லை என்று போர்வைக்குள் முடங்கிக் கொள்வார்கள். "மேல் சுட்டால் உடனே டீச்சரிடம் சொல்லம்மா" என்று புறப்படும்போதே சொல்லியனுப்புங்கள்.

எல்லாக் காய்ச்சலும் டிங்கி அல்ல. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதை மறந்துவிட முடியாது. ஏடிஸ் கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்தே காய்ச்சல் வரும். ஆகவே இரண்டாம் நாள் வந்த டிங்கி, ஊரிலிருந்து கொண்டு போனது. கோலாலம்பூரைத் திட்டிப் பயனில்லை! அங்கே கடித்தது வீடு திரும்பிய பிறகே தெரியும். அப்போது டாக்டரிடம், போன வாரம் எங்கே இருந்தாள் என்பதையும் சொல்லுங்கள்.

பாராசிட்டமால் கொடுக்கலாம்; ஆஸ்பிரின் கூடாது, ரத்தக் கசிவு கூடிவிடும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். சில நாளில் சூடு தணியும். "சரியாயிடுச்சும்மா, பஸ் ஏறுறேன்" என்பாள். டிங்கியில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் பஸ் வேண்டாம். பஹாங் சாலையில் கோலாலம்பூர் மருத்துவமனை; கிள்ளானில் என்றால் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை. அவசரத்துக்கு 999.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அடையாள அட்டை மட்டும் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.