ரேடியோ நெல்லும் நூறு சதவீதமும்

வேலைக்கு நடுவே பாடம் – 7

ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்னொரு பெயர் உண்டு: ‘ரேடியோ நெல்’. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து உருவாக்கிய குறுகிய கால நெல் அது. 105 நாளில் அறுவடை, குறுவைக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல. 1966-ல் ஆல் இந்தியா ரேடியோ சில நிலையங்களில் விவசாயிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. திருச்சி நிலையத்துக்கும் ஒன்று கிடைத்தது. அங்கிருந்து சொல்லிச் சொல்லியே இந்த நெல் டெல்டா முழுக்கப் பரவியது என்று வேளாண் விரிவாக்கப் பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. தூரத்தில் இருந்தபடியே தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்பதற்கு இதுதான் அவர்களுக்குப் பிடித்த உதாரணம்.

எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

ரேடியோ அப்படிப் பேசத் தொடங்குவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1960-ல், தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்றாகிவிட்டது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடு வந்த ‘பாக்கேஜ் திட்டம்’ அது. விதை, உரம், கூட்டுறவுக் கடன், வயலுக்கே வந்து பார்க்கிற கிராம சேவக், எல்லாம் ஒரே கட்டாக. திருக்காட்டுப்பள்ளியில் காவிரியை விட்டுக் குடமுருட்டி பிரிகிறது. அந்தப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த ஒருவர் ராத்திரி ரேடியோவில் ஒரு ரகத்தின் பெயரைக் கேட்டால், விடிந்ததும் சொசைட்டிக்குப் போய் விதை இருக்கிறதா என்று விசாரிக்க ஓர் இடம் இருந்தது. நாற்றங்காலில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருந்தது. வேலையைப் பலபேர் செய்தார்கள். பெயரை ரேடியோ தட்டிக்கொண்டு போனது.

இன்றைக்கு அந்தப் பெயருக்கு ஆசைப்படுபவை இணையவழிப் பயிற்சித் தளங்கள். 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ‘மிஷன் கர்மயோகி’க்கு ஒப்புதல் தந்தது, அரசு ஊழியர்களுக்கு ஐகாட் தளம் வந்தது. அடுத்த மாதமே, தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கான ‘நிஷ்தா’ பயிற்சி தீக்‌ஷா தளத்தில் 18 பாடங்களாக ஏறியது. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த நேரம், வேறு வழியும் இல்லை.

அதற்கு முந்தைய நேரடிப் பயிற்சியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. டெல்லியில் சொன்னது மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று இறங்கிப் பூதலூருக்கு வருவதற்குள் கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரிதான் மிஞ்சும். இணையத்தில் அந்தச் சேதாரம் இல்லை. பாடம் தயாரித்தவரின் குரலே நேராகக் காதுக்கு வருகிறது.

ஆனால் அந்தக் காது எங்கே இருக்கிறது? பள்ளி விட்டு வந்து, உலை வைத்து, அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வீடியோவை ஓடவிடுகிற டீச்சர்கள் எத்தனையோ பேர். கடைசியில் வினாடி வினா. தப்பாகப் போனால் திரும்பப் போடலாம். சான்றிதழ் பி.டி.எஃப். ஆக வந்து விழும். இடையில் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னும் முடிக்காதவர்கள்’ பட்டியல் வரும். அதில் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனி வேலை. மேலே போகிற அறிக்கையில் ‘நூறு சதவீதம்’ என்று இருக்கும். பொய்யும் இல்லை.

இந்த நூறு சதவீத மோகம் கல்வித் துறையில் பிறந்ததில்லை. கம்பெனிகளின் பயிற்சித் தளங்களில் பரவலாகப் பயன்படும் ‘ஸ்கார்ம்’ என்ற தரவிதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய முயற்சியில் உருவானது. ஒரு தளத்துக்காகச் செய்த பாடம் இன்னொன்றிலும் ஓட வேண்டும் என்பது நோக்கம். 2001-ல் வந்த அதன் 1.2 பதிப்பு, படிப்பவரின் நிலையை ஆறே சொல்லில் குறித்துக்கொள்ளும்: தேறினார், முடித்தார், தோற்றார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவே இல்லை. ‘புரியவில்லை என்கிறார்’ என்பதற்கு அந்த ஆறில் இடமில்லை.

விதியை எழுதியவர்களைத் திட்டுவதில் பயனில்லை. அதே பதிப்பில் படிப்பவர் தன் கருத்தை எழுத 4096 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ‘விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம்’ என்ற வகையில். அடுத்து வந்த 2004 பதிப்பு அதைக் கட்டாயமாக்கியது. ஒரே பாடத்துக்கு 250 குறிப்புகள் வரை தளம் தாங்க வேண்டும் என்றது. ஆக, பெட்டி தயார். பெட்டியைத் திறந்து படித்துப் பதில் எழுதுகிறவருக்குச் சம்பளம் போடுவதுதான் யாருடைய திட்டத்திலும் இருப்பதில்லை.

1956-ல் புனே வானொலி நிலையம் அந்தச் செலவைச் செய்து பார்த்தது. யுனெஸ்கோ உதவியோடு ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள். ஊருக்கு ஒரு வானொலி மன்றம், மன்றத்துக்கு இருபது பேர் வரை. வாரம் இருமுறை அரை மணி நேரம் கேட்பார்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாதிடுவார்கள். மன்றச் செயலாளர் கேள்விகளைத் தொகுத்து நிலையத்துக்கு அனுப்புவார். பதில் பின்னால் வரும் ஒலிபரப்பில் வரும். ஆய்வை நடத்திய பால் நியூராத், மன்றம் இல்லாமல் ரேடியோ மட்டும் இருந்த ஊர்களையும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் விஷயஞானம் நன்றாகக் கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களில் அதிகம் அசையவில்லை.

அந்தச் செயலாளரைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம். தமிழ்நாட்டில் அவரைப் புதிதாகத் தேட வேண்டியதுகூட இல்லை. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர் இருக்கிறார். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் ‘இது என் வகுப்பில் நடக்காது, ஏனென்றால்...’ என்று பேசட்டும். அதை ஒருவர் எழுதி, பாடம் தயாரித்தவர்களுக்கே அனுப்பட்டும். முடித்தவர் எத்தனை பேர் என்கிற அறிக்கையில் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, எத்தனை கேள்வி வந்தது, எத்தனைக்குப் பதில் போனது என்று கேட்டால், அதிகாரிகள் அதையும் நூறு சதவீதம் ஆக்கப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, இந்த நூறு நல்ல நூறு.

இன்று கல்லூரிகளும் கம்பெனிகளும் உலகமெங்கும் பயன்படுத்தும் ‘மூடுல்’ தளத்தை 2002-ல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பள்ளிக்கூடமே ரேடியோதான். ஆனால் அந்த ரேடியோவில் பிள்ளைகளும் பேசலாம், வாத்தியார் கேட்பார். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)