அறிவிப்பு ஒன்றே ஆலையை மூடுமா?

சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். "இதைவிட நல்ல சைக்கிள் சில மாதங்களில் வரப்போகிறது" என்று கடைக்காரரே சொன்னால் என்ன செய்வீர்கள்? வாங்காமல் வீடு திரும்புவீர்கள் அல்லவா? இப்படித்தான் ஒரு கணிப்பொறி நிறுவனம் திவாலாயிற்று என்பார்கள். இது முழு உண்மைதானா? பார்ப்போம்.

ஆடம் ஆஸ்போர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். சிறு வயதில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1981-இல் அமெரிக்காவில் இவருடைய நிறுவனம் 'ஆஸ்போர்ன் 1' என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. மூடிவிட்டால் பெட்டிபோல் தூக்கிச் செல்லலாம். எடை சுமார் 11 கிலோகிராம். விலை 1,795 டாலர். தேவையான மென்பொருள்களும் அந்த விலையிலேயே அடக்கம். விற்பனை சூடுபிடித்தது.

ஆனால் திரையின் அளவு 5 அங்குலமே! ஏன் தெரியுமா? அக்காலத் திரை, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயின் முகப்பு ஆகும். வெளியே உள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. திரை பெரிதானால் கண்ணாடி தடிக்க வேண்டும், எடையும் கூடும். சிறு திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரிந்தன.

1982-இல் 'கேப்ரோ 2' வந்தது. அதே விலை, 9 அங்குலத் திரை, வரிக்கு 80 எழுத்துகள். எடை சற்றே அதிகம். வாங்குவோர் எதை விரும்பியிருப்பார்கள்?

ஆஸ்போர்ன் 7 அங்குலத் திரையுடைய 'எக்சிகியூடிவ்' மாதிரியை அறிவித்தார். அதற்காகப் பலர் காத்திருந்ததால் பழைய மாதிரி தேங்கிற்று. ஒரு நீர்த்தொட்டியை எண்ணிப் பாருங்கள். உள்ளே வரும் குழாய் அடைபட்டது. வெளியேறும் குழாய் திறந்தே இருந்தது. சம்பளமும் கடனும் விற்பனைக்காகக் காத்திருக்குமா? 1983 செப்டம்பரில் நிறுவனம் திவால் மனுச் செய்தது. புதிய பொருளை முன்கூட்டியே அறிவித்துப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால், ஒரு பொருள் மீது பல விசைகள் செயல்படும்போது, ஒன்றை மட்டும் கணக்கிட்டால் விடை சரியாக வருமா? அறிவிப்பு ஒரு விசை. போட்டியாளரின் பெரிய திரை மற்றொன்று. கையிருப்புப் பணத்தின் குறைவு இன்னொன்று. பிற்காலத்தில் இதை ஆராய்ந்தவர்களில் சிலர், அறிவிப்பைவிடப் போட்டியே பெரிய காரணம் என்கிறார்கள்.

ஆஸ்போர்ன் 2003-இல் கொடைக்கானலில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய 'விளைவு' பாடநூல்களில் வாழ்கிறது. அடுத்த முறை ஒரு வீழ்ச்சிக்கு ஒரே காரணத்தை யாராவது சொன்னால், "மற்ற விசைகள் எங்கே?" என்று கேளுங்கள்.