கிராணியின் சாவிக்கொத்து

மலாக்காவிலிருந்தும் மூவாரிலிருந்தும் பண்டிகைக்குத் துணி எடுக்கத் தங்காக் வருகிறவர்களுக்கு அந்த ஊரின் கடைவரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வட ஜொகூரில், லேடாங் மலை பின்னால் நிற்க, மீட்டர் கணக்கில் துணி வெட்டிக் கொடுக்கும் கடைகள். நீங்களும் ஒரு கடையில் பேரம் பேசி முடித்து, கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கு நேராகக் கைப்பேசியை நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கிச் செயலி திறக்கவில்லை. இந்தக் கருவி ‘ரூட்’ செய்யப்பட்டிருக்கிறது, பாதுகாப்புக்காக மூடுகிறோம் என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தானே மறைந்துவிடுகிறது. போன மாதம் அக்காள் மகன், “மாமா, குடுங்க, வேகமா ஓடுற மாதிரி பண்ணித் தரேன்” என்று வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்த போன் அது. கையில் ரொக்கம் இல்லை. கடைக்காரர் துணியை வெட்டிவிட்டார்.

பையன் என்னதான் செய்தான்?

ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஒரு குடும்பம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். ஆண்டிராய்டு கைப்பேசிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். நீங்கள் ஒரு செயலியை நிறுவியதும் அதற்கென்று ஒரு பயனர் எண் ஒதுக்கப்படுகிறது. அதன் கோப்புகளெல்லாம் அந்த எண்ணின் பேரில் பூட்டப்படுகின்றன. விளையாட்டுச் செயலியால் வங்கிச் செயலியின் பெட்டியைத் திறக்க முடியாது, அது வேறு வீடு. இந்த எண்களுக்கெல்லாம் மேலே பூஜ்யம் என்று ஓர் எண் உண்டு. யூனிக்ஸ் காலத்திலிருந்தே அதன் பெயர் ‘ரூட்’. தோட்டத்து ஆபீசில் எழுத்தரான கிராணியின் மேசையில் கிடக்கும் சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டையும் திறக்கலாம், சுவரை இடிக்கலாம், கூரையை மாற்றலாம். காசு கொடுத்து வாங்கிய உங்களிடம் அந்தக் கொத்து தரப்படுவதில்லை. நீங்களும் அங்கே ஒரு குடித்தனக்காரர்தான். அக்காள் மகன் அந்தக் கொத்தை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டான்.

ஆனால் கொத்தை எடுப்பதற்கு முன்னால் வாசற்காவலைத் தாண்ட வேண்டும். கைப்பேசியை முடுக்கியதும் முதலில் விழிப்பது சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்ட ஒரு சிறு நிரல். அது அடுத்த கட்ட நிரலின் மின்கையொப்பத்தைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடும். அந்த இரண்டாவது காவலாளிக்குப் பூட்லோடர் என்று பெயர். அது இயங்குதளத்தைச் சரிபார்க்கும். இயங்குதளம் செயலிகளைச் சரிபார்க்கும். கையொப்பம் தயாரிப்பாளருடையதாக இல்லாவிட்டால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

ஆண்டிராய்டில் பல நிறுவனங்கள் இந்தப் பூட்லோடரைத் திறக்க முறையான வழி வைத்திருக்கின்றன. திறந்த பிறகு ரூட் செய்வது பெரிய வித்தை இல்லை. தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016இல் எழுதிய ‘மேஜிஸ்க்’ என்ற கருவியைத்தான் இன்று பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். ஐபோனில் அப்படி ஒரு வழி கிடையாது. ஆப்பிளின் நிரலில் எங்கேயாவது ஓட்டை கண்டுபிடித்து அதன் வழியாக நுழைந்தால்தான் உண்டு. அதற்குத்தான் ஜெயில்பிரேக் என்று பேர். சிம் அட்டைக்காகப் போடும் பூட்டை எடுப்பது இன்னொரு விஷயம். கடைகளில் எல்லாவற்றையும் ‘அன்லாக்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓட்டைகள் சில சமயம் நம்ப முடியாத இடத்தில் இருந்திருக்கின்றன. விற்பனைக்கு வந்த முதல் ஆண்டிராய்டு போன் எச்டிசி தயாரித்த ஜி1. 2008 அக்டோபரில் வந்தது, இழுத்தால் வெளியே வரும் விசைப்பலகை உண்டு. அடுத்த மாதமே ஒரு கூத்து வெளியானது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அது திரைக்குப் பின்னால் ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளைச் சாளரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது! நண்பருக்குச் செய்தி எழுதும்போது ‘ரீபூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தனி வரியில் தட்டினால் போன் அணைந்து மறுபடி எழும். சோதனைக் காலத்தில் யாரோ மூடாமல் விட்ட கதவு அது. கூகுள் சில நாளில் மூடியது. அதற்குள் ஆர்வலர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஐபோன் பக்கம் 2007 அக்டோபரில் ‘ஜெயில்பிரேக்மீ’ என்ற இணையதளம் வந்தது. போனிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனால் போதும், படங்களைக் காட்டும் நிரலில் இருந்த பிழை வழியாக ஜெயில்பிரேக் நடந்துவிடும். வேலை முடிந்ததும், வேறு யாரும் அதே வழியில் நுழையாதபடி அந்தப் பிழையையும் அதுவே அடைத்துவிட்டுப் போகும். ஜே ஃப்ரீமன் என்பவர் உருவாக்கிய சிடியா என்ற செயலிக் கிடங்கு 2008 பிப்ரவரியில் வந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது அந்த ஆண்டு ஜூலையில்தான்! ஐபோனில் வீடியோ எடுக்கும் வசதியை ஆப்பிள் 2009இல் தந்தது, அதற்கு முன்பே ஜெயில்பிரேக் செய்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரையை இழுத்தால் வைஃபை, புளூடூத் பொத்தான்கள் வரும் பலகையும் அப்படித்தான், 2013இல் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. திருடன் வந்துபோன வழியைப் பார்த்து அங்கே வாசல் வைத்துக்கொண்ட வீடு என்று இதைச் சொல்லலாம்.

தமிழுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு.

எனக்கு வாய்த்த முதல் ஆண்டிராய்டு கைப்பேசியில் தமிழ் என்றால் வரிசையாகக் கட்டங்கள். அம்மா பெயரைத் தமிழில் பதிந்து வைத்தால் நான்கு காலிப் பெட்டிகள் தெரியும். 2011 கடைசியில் ஆண்டிராய்டு 4.0 வருவதற்கு முன் பல போன்களில் இதுதான் நிலை. எழுத்துரு உள்ளே இல்லை. எழுத்துரு இருந்தாலும் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் கொண்டுவந்து பொருத்தும் நிரல் இல்லை. ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றினால், எழுத்துகளைப் படமாக்கி அனுப்பித் தமிழ்ப் பக்கங்களைக் காட்டும். அது உலாவிக்குள் மட்டும். குறுஞ்செய்தியில், தொடர்பேட்டில் தமிழ் தெரிய வேண்டுமென்றால் இயங்குதளத்தின் எழுத்துருக் கோப்பையே எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும். அந்தக் கோப்புறையின் பூட்டு பூஜ்யம் எண்ணுக்குரியது. ஆகவே தாய்மொழியைப் படிப்பதற்காக ரூட் செய்தவர்கள் உண்டு. நானும் செய்தேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது. ‘கொ’ மட்டும் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி அலங்கோலமாகத் தெரிந்தது, அதற்கே அன்றைக்குச் சந்தோஷம்.

பூட்டை உடைக்காமலே வேறு பக்கத்திலிருந்து வேலை செய்தவர் ஒருவரும் இருந்தார், அவர் மலேசியர். 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய முத்து நெடுமாறன், 2005இல் கைப்பேசிக்கான செல்லினத்தை வெளியிட்டார். ஐபோனில் ஆப்பிள் பிறருடைய விசைப்பலகையை 2014 வரை அனுமதிக்கவில்லை. அதனால் செல்லினம் செயலிக்குள் தட்டி, நகலெடுத்து, செய்தியில் கொண்டுபோய் ஒட்டினோம். 2013இல் ஆப்பிளே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளை உள்ளே சேர்த்தது. இன்றும் ஐபோனின் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் ‘தமிழ் சங்கம் எம்என்’ என்று ஒரு பெயர் இருக்கும். எம்என் என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

ஆக, அன்றைக்கு ரூட் செய்ய எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்று இல்லை. மிச்சமிருக்கும் காரணங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுதான்: பழைய போனுக்கு ஆயுள் கொடுப்பது. தயாரிப்பாளர் சில ஆண்டில் புதுப்பிப்பை நிறுத்திவிடுவார், வன்பொருள் நன்றாகவே இருக்கும். ஸ்டீவ் காண்டிக் 2009இல் தொடங்கிய சயனோஜென்மாட் இப்படிப்பட்ட போன்களுக்குப் புதிய ஆண்டிராய்டைத் தந்தது, அது 2016 கடைசியில் மூடப்பட்டபோது அதன் வழியில் பிறந்த லீனியேஜ்ஓஎஸ் இன்றும் தருகிறது. இதற்குப் பூட்லோடரைத் திறந்தால் போதும், ரூட் கட்டாயமில்லை. வேண்டாத செயலிகளை வேரோடு பிடுங்கலாம், முழுக் காப்புப்படி எடுக்கலாம் என்பவையெல்லாம் உண்மைதான். ‘வேகமாக ஓடும்’ என்பதில் பாதிக்கு மேல் மனப்பிராந்தி.

இனி கெட்ட செய்தி. 2009 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஜெயில்பிரேக் செய்த ஐபோன்களின் திரைகளில் திடீரென்று ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படம் வந்து உட்கார்ந்தது. வெளியிலிருந்து போனுக்குள் நுழையும் ஒரு வசதியை நிறுவியிருந்த பலர், எல்லா ஐபோன்களுக்கும் பொதுவாக இருந்த ‘ஆல்பைன்’ என்ற கடவுச்சொல்லை மாற்றவில்லை. 21 வயது இளைஞர் ஒருவர் எழுதிய ஐக்கீ புழு அந்த வாசலில் போனுக்குப் போன் தாவியது. அது விளையாட்டு. மாதம் முடிவதற்குள் அதே வழியில் நெதர்லாந்தில் வந்த இன்னொரு புழு வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. 2015 ஆகஸ்டில் கீரெய்டர் என்ற தீநிரல் ஜெயில்பிரேக் செய்த ஐபோன்களிலிருந்து 2,25,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளைத் திருடியது தெரியவந்தது. சாவிக்கொத்து உங்கள் இடுப்பில் இருந்தால் உங்கள் வீட்டுக்கு விருந்தாக வந்தவன் கைக்கும் அது எட்டும். நீங்கள் ‘அனுமதி’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும், லயம் முழுக்கத் திறந்துவிடும்.

மலேசியாவில் மோசடிக்காரர்களுக்கு அவ்வளவு சிரமம்கூடத் தேவைப்படவில்லை. வீட்டைச் சுத்தம் செய்யும் சேவை, செல்லப்பிராணிக் கடை என்று விளம்பரம் செய்து, கூகுள் கடைக்கு வெளியே செயலியைத் தரவிறக்கச் சொன்ன கும்பல்கள் எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்ததை 2022 ஏப்ரலில் ஈசெட் நிறுவனம் விவரித்தது. செயலி போலிக் கட்டணப் பக்கத்தைக் காட்டிக் கடவுச்சொல்லை வாங்கும். வங்கி அனுப்பும் டிஏசி எண் குறுஞ்செய்தியாக வந்ததும் அதையும் கும்பலுக்குத் தள்ளிவிடும். பிறகு வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்ற பேரிலும் இதே வகைக் கோப்புகள் சுற்றின. ரூட் எதுவும் இல்லாமலே, வெளியிலிருந்து செயலி நிறுவும் ஒரு சின்னக் கதவு வழியாகவே இவ்வளவும் நடந்தது. 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிடுங்கள், ஒருவருக்கு ஒரே கருவி என்று வரையறுங்கள் என வங்கிகளுக்குச் சொன்னது. ஏமாந்தவர்கள் உடனே அழைக்க 997 என்ற எண்ணும் அடுத்த மாதம் வந்தது. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை, வங்கிச் செயலி ஜெயில்பிரேக்கோ ரூட்டோ செய்யப்படாத இயங்குதளத்தில் மட்டுமே ஓட வேண்டும் என்கிறது. துணிக்கடைக் கல்லாவில் உங்களைக் கைவிட்ட செயலி, அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தது.

செயலிக்கு எப்படித் தெரிகிறது? கூகுளின் சேவை ஒன்றிடம் கேட்கிறது. அது போனின் பாதுகாப்புச் சில்லு கையொப்பமிட்ட சான்றைப் பார்த்து, முடுக்கச் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பதில் சொல்கிறது. மேஜிஸ்க் போன்றவற்றை வைத்து இதை மறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று வேலை செய்யும் தந்திரம் அடுத்த வாரம் செய்யாது. மளிகைக்கடை வரிசையில் நிற்கும்போது அந்த அடுத்த வாரம் வந்து சேரும்.

பூட்லோடர் திறக்க நிறுவனங்கள் போடும் நிபந்தனைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு லேடாங் மலை இளவரசியின் ஞாபகம் வரும். 1,276 மீட்டர் உயர மலையில் குடியிருந்தவள், பெண் கேட்ட மலாக்கா சுல்தானிடம் ஏழு சீர் கேட்டாள். மலாக்காவிலிருந்து மலைக்கு ஒரு பொன் பாலம், ஒரு வெள்ளிப் பாலம், தட்டுத் தட்டாகக் கொசு இதயங்கள், கடைசியில் சுல்தானுடைய மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். மாட்டேன் என்று சொல்லாமல் மாட்டேன் என்று சொல்வது அது. ஷாவ்மி தன் போன்கள் பலவற்றுக்கு வைத்த காத்திருப்பு 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். கணக்கு வேண்டும், போன் எண் வேண்டும், கணினி வேண்டும். எல்லாம் கொடுத்துத் திறந்தால் உள்ளேயிருக்கும் படமும் தரவும் முழுக்க அழிந்துவிடும். திருடியவன் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் நியாயம் உண்டு. சாம்சங் போன்கள் பலவற்றில் இன்னும் ஒருபடி மேல்: வேறு மென்பொருளைப் போட்டால் உள்ளே ஒரு மின் ஃபியூஸ் எரிந்துவிடும். பிறகு பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வேலை செய்யாது. பாதி வழியில் மின்சாரம் போனாலோ தவறான கோப்பைப் போட்டாலோ போன் செங்கல். இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் அதற்கு அந்தப் பெயர்தான்.

ஓட்டைகளோ ஒருபோதும் தீர்வதில்லை. 2019 செப்டம்பரில் வெளியான ‘செக்எம்8’, ஐபோன் 4எஸ் முதல் எக்ஸ் வரைக்குமான சில்லுகளில் பொறித்த முதல் நிரலிலேயே இருந்த பிழை. சில்லில் பொறித்ததை எந்தப் புதுப்பிப்பாலும் திருத்த முடியாது. கதவுகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் ஐபோனில் வேறு செயலிக் கடைகளுக்கு ஆப்பிள் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. கூகுளோ எதிர்த்திசையில், அடையாளம் காட்டிய நிரலர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ விடும் திட்டத்தை 2025இல் அறிவித்தது. அது முதலில் வரும் நான்கு நாடுகளில் சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் மலேசியாவின் அக்கம்பக்கம்.

என் கணக்கு எளிது. அலமாரியில் தூங்கும் பழைய போனை என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் பையன்களுக்குக் கிடைக்காது. சம்பளம் வந்து விழும் போனை எந்த மருமகனிடமும் கொடுப்பதில்லை. பயன்படுத்திய போன் வாங்கும்போது மட்டும் ஒரு வேலை செய்வேன். கடைக்காரர் முன்னால் அணைத்து மறுபடி முடுக்கச் சொல்வேன். பூட்லோடர் திறந்திருந்தால் பெரும்பாலான ஆண்டிராய்டு போன்கள் முதல் சில நொடியில் ஓர் எச்சரிக்கைத் திரையைக் காட்டும், கண்ணை எடுக்கக் கூடாது. அப்புறம் வங்கிச் செயலியை அங்கேயே நிறுவி, ஒரு வெள்ளியை வீட்டுக்காரியின் கணக்குக்கு அனுப்புவேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் மீதிப் பேரம்.