வேகத்தை அளக்கும் கருவி

மதுரையிலிருந்து கன்னியாகுமரி செல்லும் நாற்கரச் சாலை கோவில்பட்டிக் கரிசலை ஊடறுத்துச் செல்கிறது. மரமும் வீடும் அருகிய வெட்டவெளியில் வேகம் ஓட்டுநருக்கு உறைப்பதில்லை. நூறும் அறுபதாகவே தோன்றும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் வண்டி அத்தனை தூரம் போய்விடும். பிறகு நிற்பதற்கோ, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்கு தூரம் வேண்டும். ஆட்டுக்கிடையுடன் சாலையைக் கடக்கும் கீதாரிக்கு இக்கணக்குத் தெரிய வேண்டியதில்லை; ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும்.

சாலையோர ரேடார் கருவி வண்டியின் மீது அலைகளைச் செலுத்துகிறது. திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றமே வேகத்தைக் காட்டிக்கொடுத்து விடும். பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் டாப்ளர் விளைவுதான் இது. உடனே காமிரா வண்டி எண்ணைப் பதிவு செய்கிறது.

ஒளிந்திருந்து பிடிக்கிறார்கள் என்பது பலரது குறை. ஆனால் 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, கருவி உள்ள இடத்தில் எச்சரிக்கைப் பலகை நன்கு தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. அபராதம் மட்டுமே நோக்கமாயின் பலகை எதற்கு? பலகையைக் கண்டு வேகத்தைக் குறைத்து, கருவியைத் தாண்டியதும் மீண்டும் பறப்போர் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்காகச் சாலையைக் கடப்பதோ அடுத்த விலக்கில்.