சுழல மறுக்கும் எஞ்சின்

பழுதுற்ற எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துதல் மோட்டார்ப் பட்டறையில் நடைபெறும் பெரிய வேலைகளுள் ஒன்றாகும். வேலையெல்லாம் முடிந்து சாவியைத் திருப்பும்பொழுது, எஞ்சின் உறுமி எழாமல் ‘டக்’ என்னும் ஒலியோடு நின்றுவிடுவதும் உண்டு. அந்நிலையில் சாவியை மீண்டும் மீண்டும் முறுக்குவோர் பலர். அச்செயல் நல்ல எஞ்சினையும் கெடுத்துவிடக் கூடும்.

சுழன்றும் எரியாத எஞ்சின் வேறு. சுழலவே சுழலாத எஞ்சின் வேறு. முன்னதற்குப் பெட்ரோலையும் மின்பொறியையும் ஆராய்தல் வேண்டும். பின்னதற்கு அவற்றை ஆராய்வது வீண் உழைப்பே. எஞ்சின் தானே இயங்கத் தொடங்குமுன் பிறிதொன்று அதனைச் சுழற்றிவிட வேண்டும் அன்றோ? முற்காலத்தில் வண்டியின் முன்புறத்தே இரும்புக் கைப்பிடியை நுழைத்து ஆள் வலிமையால் சுற்றினர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. நாளடைவில் அவ்வேலையைச் சிறிய மின்மோட்டாரே எங்கும் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, முதலில் அறிய வேண்டுவது ஒன்றே: சுழற்றும் ஸ்டார்ட்டர் வலுவிழந்துள்ளதா? சுழல வேண்டிய எஞ்சின் இறுகியுள்ளதா? இதனை அறிய ஒரு ஸ்பானர் போதும். பாட்டரியின் இணைப்பை முன்னதாகக் கழற்றிவிட வேண்டும்; இல்லையேல் எதிர்பாராது மோட்டார் சுழன்று கையை நசுக்கிவிடும். பின்னர்க் கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினின் முன்புறக் கப்பியின் நடுவிலுள்ள பெரிய போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றினால் இடையிடையே கனம் தோன்றும்; அது வில்லைப்போல் நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டு முழுச் சுற்றுகள் தடையின்றிச் சுழலுமாயின் எஞ்சின் இறுகவில்லை என்று கொள்ளலாம்.

அங்ஙனமாயின் குற்றம் மின்சாரப் பாதையில் உள்ளது. பாட்டரியில் மின்னேற்றம் குறைந்திருக்கிறதா என்று பார்த்த பின், அண்மையில் கை பட்ட இடங்களையே ஐயுறுதல் அறிவுடைமை. எஞ்சினின் அதிர்ச்சி வண்டியைத் தாக்காதிருக்க, அது ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்த்தப்பட்டுள்ளது. ரப்பரோ மின்சாரத்தைக் கடத்தாது. பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வந்த மின்னோட்டம் எஞ்சினின் உலோகத்தை அடைந்து, அங்கிருந்து பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதற்காகவே எஞ்சினையும் வண்டியின் உடற்கூட்டையும் செம்புப் பின்னல் ஒன்று இணைக்கிறது. சிறு பொருளாதலின் இதனைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவர். அல்லது வண்ணப்பூச்சின் மேலேயே முடுக்கிவிடுவர். விளக்குகள் ஒளியுடன் எரிதலால் மின்சாரத்தில் குறையில்லை என்று மயங்கலாகாது. ஒரு முகப்பு விளக்கிற்கு ஐந்து ஆம்பியர் அளவே போதும். ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும். பின்னல் இல்லாதபோது அவ்வளவு மின்னோட்டமும் ஆக்ஸிலரேட்டரின் மெல்லிய கம்பிவழியே புக முயலும்; கம்பி சூடேறிப் புகைவதும் உண்டு. எஞ்சினின் வெற்று உலோகத்திற்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே தடித்த கம்பியொன்றை இணைத்தவுடன் எஞ்சின் சுழலுமாயின், காரணம் புலப்பட்டுவிடும்.

ஸ்பானருக்கும் அசையாத எஞ்சினிடம் வலிமையைக் காட்டலாகாது. முதலில் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்ப்பர். அதன் பற்கள் பிளைவீலின் பற்களோடு பொருந்தாமல் சிக்கியிருக்கலாம். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுவர். பழைய எஞ்சினைச் சாய்த்து வைத்திருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்திருக்கக் கூடும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனை மீறிச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோம். பிளக்கில்லாத துளைவழியே எண்ணெய் பீறிட்டு வெளிவரும். ஆதலின் முகத்தை அதன் நேரே வைத்தல் கூடாது.

இவற்றாலும் அசையாவிடின், கியர்ப் பெட்டியை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்துவர். உடனே எஞ்சின் சுழலுமாயின், இடையிலுள்ள உறுப்பொன்று சரியாக அமராமல் நெரிந்துள்ளது என்க. பிளைவீலுக்கு அளவில் நீண்ட போல்ட்டுகளை இட்டிருந்தாலும் அவற்றின் நுனி எஞ்சினின் உடலில் முட்டித் தடுக்கும். எஞ்சியிருப்பது துருவே. நெடுநாள் ஈரத்தில் கிடந்த எஞ்சினின் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயைப் பிளக்குத் துளைகளில் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் முன்னும் பின்னும் சிறிதளவே அசைத்துப் பார்ப்பர். அசைந்து கொடுத்தாலும், தேர்ந்த தொழிலாளர் அதனைப் பிரித்து உட்புறத்தைக் கண்ட பின்னரே ஓட்ட இசைவர்.