காரணமும் விளைவும்: சில ஆங்கில வாக்கியங்கள்

காரணத்தையும் விளைவையும் ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்கிறார்கள் என்பதை இன்று பார்ப்போம். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வோருக்கு இது உதவும் என நினைக்கிறேன்.

தமிழில் பெரும்பாலும் காரணம் முன்னே வரும். 'மழை பெய்தபடியால் போட்டி நடக்கவில்லை' என்கிறோம். ஆங்கிலத்திலோ விளைவை முதலிற் சொல்லி, 'பிக்கோஸ்' என்ற சொல்லையிட்டுக் காரணத்தைப் பின்னே வைப்பது வழக்கம். அதை 'ஏனென்றால்' என்று அப்படியே பெயர்ப்பதிலும் பார்க்க, வாக்கியத்தைத் திருப்பி எழுதுவதே தமிழுக்கு இயல்பு.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஆழிப்பேரலை எழுந்தது. 'பிக்கோஸ்' என்றால் அதன்பின் எழுவாயும் பயனிலையும் வரவேண்டும்: பூமி அதிர்ந்தபடியால். 'பிக்கோஸ் ஒஃப்', 'ஓவிங் டு' என்றால் பெயர்ச்சொல் போதும்: பூமியதிர்ச்சியினால். 'ஸோ', 'தெயர்ஃபோர்' ஆகியன விளைவைத் தொடக்கிவைப்பவை. முன்னது பேச்சுக்கும் பின்னது ஏட்டுக்கும் பொருந்தும். 'ஸோ' வுக்குப் பின்னர் 'தட்' வந்தால் அளவு புலப்படும்: அலை எவ்வளவு வலுவாக வந்ததென்றால், பெரலியவில் ரயிலையே புரட்டிவிட்டது.

'சின்ஸ்' என்பதற்கு 'அன்று தொட்டு' என்றும் பொருளுண்டு. 'ஆகையால்' என்றும் பொருளுண்டு. 'ஆஃப்டர்' என்பது 'பின்னர்' மாத்திரமே. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்றால், முன்னையது காரணம் என்று ஆகிவிடாது. செய்தி எழுதுவோர் இதை மனங்கொள்ள வேண்டும்.

'ஹீ டிட் நொட் ரிசைன் பிக்கோஸ் ஹீ வொஸ் அஃப்றெய்ட்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பயத்தினால் அவர் பதவி விலகாதிருந்தார் என்பது ஒரு பொருள். விலகினார், ஆனால் பயம் அதற்குக் காரணமல்ல என்பது மற்றொரு பொருள். வானொலியில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைக் காட்டிக்கொடுக்கும். அச்சில் முன்பின் வாக்கியங்களைப் படித்த பின்னரே பெயர்க்க வேண்டும்.

இலக்கணம் சரியாக இருந்தாற் போதுமா? 'ஆழிப்பேரலையினால் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர்' என்பது உண்மை. அலை எங்கள் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. 'இந்து சமுத்திரத்தில் அப்பொழுது எச்சரிக்கை முறை இல்லாதபடியால் பலர் தப்பமுடியாமற் போயிற்று' என்பதும் உண்மையே. முதல் வாக்கியத்தில் பொறுப்பு கடலுக்கு மாத்திரம். இரண்டாவதில் மனிதருக்கும் பங்குண்டு. மூலத்தில் எந்தக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதோ, அதையே தமிழிலும் தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

இனி ஆங்கிலப் பத்திரிகையைப் படிக்கும்பொழுது 'பிக்கோஸ்' வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, தமிழில் எழுதிப் பாருங்கள். பயிற்சியினால் தெளிவு பிறக்கும்.