கண்ணாடித் தொட்டியிற் கடல்: மலையக அனுபவமொன்றினை முன்வைத்து ஒரு விளக்கம்

மீன் வளர்ப்புப் பற்றிய கட்டுரையொன்று இத்தகைய ஆய்வேட்டிலே இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட ஒருவன் அதனை எழுத முற்படுவது மேலும் வியப்பளிக்கலாம். எனினும், என்னிடம் கேட்கப்பட்ட ஒரு வினாவுக்கு விடை தேடியபோது, அவ்விடை நமக்கு முற்றிலும் அந்நியமான துறைகளிற் கிடக்கவில்லை என்பதை உணர்ந்தேன்.

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்து, இன்று ஆசிரியராகப் பணியாற்றும் என் இளைய உறவினரொருவர், சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து கடல்நீர் மீன்தொட்டியொன்றினைக் கொணர்ந்து வீட்டு முன்னறையில் வைத்தார். உப்பினைக் கரைத்ததும் அன்றே. ஆறு மீன்களை விட்டதும் அன்றே. பதினொரு நாட்களுள் ஆறும் இறந்தன. அவற்றுள் ஒவ்வொன்றின் விலையும், கொழுந்தெடுக்கும் அவர் தாயாரின் ஒரு நாட் சம்பளத்திலும் மிகுதியானது. “அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரித்தானே இருந்திச்சு? நான் என்னா தப்பு செஞ்சேன்?” என்று அவர் கேட்டார். விற்றவர், முதலிற் சில சாவது வழக்கம், வேறு வாங்குங்கள் என்றாராம். தாயாரோ கண்ணேறு என்றார். இவ்விரு கூற்றுகளும் வேறுபட்டவை போலத் தோன்றினும், நிகழ்ந்ததற்குக் காரணம் தேடத் தேவையில்லை எனக் கொள்வதில் ஒன்றுபடுகின்றன.

நீர் கண்ணாடி போலிருந்தது என்பதிலேதான் சிக்கல் அடங்கியுள்ளது. உணவிலுள்ள புரதத்தின் கழிவாகிய நைதரசனை மீன் பெரும்பாலும் அமோனியா வடிவிலே செவுள்களின் வழியாக வெளியேற்றுகின்றது. எஞ்சிய இரை அழுகுவதாலும் அமோனியா தோன்றுகின்றது. மீனைக் கொல்லப் போதிய அளவினதாகிய அமோனியா, நீருக்கு நிறத்தையோ மணத்தையோ தருவதில்லை. அது நீரில் இரு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றமுள்ள அமோனியம் அயன் ஓரளவு தீங்கற்றது. மின்னேற்றமற்ற அமோனியாவே செவுளை ஊடுருவி நஞ்சாகின்றது. நீரின் காரத்தன்மை பீ.எச். அளவில் ஓர் அலகு உயருமாயின் இந்நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 7ஐ அண்மித்திருக்க, கடல்நீர் 8.1 முதல் 8.3 வரை நிற்கின்றது. ஆகவே நன்னீரிலே மீன் தாங்கிக்கொள்ளும் அளவு, கடல்நீரிற் சாவுக்குப் போதுமானதாகிவிடுகின்றது.

கடலிலே இது நிகழாமைக்கு அதன் பரப்பு மட்டுமே காரணமன்று. மணலிலும் பாறையிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுள் ஒருசாரார் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறிதொரு சாரார் அதனை நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றனர். நைத்திரேற்றோ ஒப்பளவில் நஞ்சு குறைந்தது. நைத்திரைற்றும் கடல்நீரில் அத்துணைக் கொடியதன்று. செறிந்திருக்கும் குளோரைட்டு, அது செவுளினுட் புகுவதைத் தடுக்கின்றது. எனவே நம் ஆறு மீன்களைப் பொறுத்தவரை முதற்சந்தேகம் அமோனியாமீதே விழவேண்டும். புதுத்தொட்டியிலே அதனை மாற்றுவதற்குரிய நுண்ணுயிர்கள் மிக அரிது. அவை மெல்லப் பெருகுவன. கடல்நீர்த் தொட்டியில் இச்சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லலாம். பதினொரு நாட்கள் எம்மாத்திரம்!

இவ்வறிவு உருவான வரலாறு சுவையானது. 1850இல் இலண்டன் இரசாயனவியலாளர் இரொபேட் வொரிங்ரன், நீர்த்தாவரமும் நத்தையும் மீனும் ஒரே கலத்தில் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வெளிவந்த பிலிப் ஹென்றி கொஸ்சேயின் நூல், மத்தியதர வகுப்பினரிடையே கடல்நீர்த் தொட்டியினை ஒரு மோகமாக்கிற்று. அக்காலத்துத் தொட்டிகள் பல பிணக்கிடங்குகளாயின; காணாத நுண்ணுயிரைக் கணக்கிற் சேர்க்க எவராலும் இயலவில்லை. 1877இல் பிரான்சிய அறிஞர் சுலோசிங்கும் மியுன்சும் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயினூடாகக் கழிவுநீரைச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாட்கள் மாற்றமெதுவுமில்லை. பின்னரே நைத்திரேற்றுத் தோன்றிற்று. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றது. உயிருள்ளவையே இதனைச் செய்கின்றன என்பது இவ்வாறு நிறுவப்பட்டது. அந்த இருபது நாட்களின் அமைதியே நம் உறவினரின் தொட்டியில் நிலவியது. வொரிங்ரனின் மகன், தந்தையின் பெயரையே கொண்டவர், உரோதம்ஸ்ரெட் விவசாய ஆய்வுநிலையத்திலே இம்மாற்றம் இரு படிகளில் நிகழ்வதைக் காட்டினார். தந்தையின் தொட்டியிற் காணாதிருந்ததை மகன் வயல் மண்ணிற் கண்டார் எனலாம். அந்நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தவர் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. கதை அத்துடன் முடியவில்லை. 2005இல், அமெரிக்காவின் சியற்றில் நகர மீன்காட்சிச்சாலைத் தொட்டியொன்றிலிருந்தே, பற்றீரியா இனத்தைச் சாராத, அமோனியாவை ஒட்சியேற்றும் புதியதொரு நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது.

மலையகச் சூழல் இப்பொதுவிதிக்குத் தனக்கேயுரிய கடுமையொன்றினைச் சேர்க்கின்றது. குளிர்ந்த நீர் ஒட்சிசனை மிகுதியாகக் கரைக்கும் என்பதால் நம் பீலித் தண்ணீர் உயிர்ப்புடையது என்பது உண்மையே. ஆனால் பவளப்பாறை மீனுக்காக அதனை 26 பாகை செல்சியசுக்குச் சூடாக்குகையில் அந்நலன் மறைகின்றது. உப்பு, கரையும் ஒட்சிசனை மேலும் குறைக்கின்றது. உயரம் மீதியைச் செய்கின்றது: ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்திலும் ஐந்திலொரு பங்கு குறைவு, அட்டனில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைவு. கரைந்த ஒட்சிசனும் அவ்விகிதத்திலே குறையும். கடற்கரை நகரங்களுக்காக எழுதப்பட்ட கைந்நூல்கள் இதனைக் கூறுவதில்லை. மீனுக்கு மட்டுமன்றி நுண்ணுயிருக்கும் ஒட்சிசன் வேண்டும்; ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க நான்கு கிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசன் செலவாகின்றது. மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டுக் காற்றுப்பம்பி நிற்கும் இரவுகளை இதனுடன் சேர்த்து எண்ணுக.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். பணமுடை காரணமாகக் கறியுப்பினைக் கரைத்தவர்களையும் நான் அறிவேன். உப்பளத்தில் நீர் வற்றுகையிற் சுண்ணமும் சிப்சமும் முதலிற் படிய, பின் உப்பு விளைகின்றது. மகனீசியமும் பொற்றாசியமும் எஞ்சிய கசப்பு நீரோடு அகற்றப்படுகின்றன. ஆகவே கறியுப்புக் கரைசல் கடலன்று. நீரின் பீ.எச். பெறுமானத்தை நிலைநிறுத்தும் காபனேற்றுகளும் அதிலில்லை; மென்னீராகிய பீலித் தண்ணீரிலும் அவை குறைவு.

அமோனியா தோட்டத்து மக்களுக்குப் புதிய பொருளன்று. தேயிலைக்கு இடப்பட்டுவந்த அமோனியம் சல்பேற்றினை மூட்டை மூட்டையாகச் சுமந்தவர்கள் அவர்கள். செடிக்கு உணவாவது மீனுக்கு நஞ்சாகின்றது. லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதும் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்ததும் 1867ஆம் ஆண்டிலே, இது தற்செயலே. ஆயின் லீபிக்கின் விவசாய இரசாயனத்தைப் பயின்று, மண்ணின் சத்து உணவாகவும் உடையாகவும் நகருக்குச் சென்று திரும்பாமையை மார்க்ஸ் அந்நூலிற் சுட்டியமை தற்செயலன்று. தோட்ட மண்ணில் வெளியேறியது மீளவில்லை. தொட்டியிலோ உட்புகுந்தது வெளியேறவில்லை. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது முறையன்று.

வணிகத்தின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கடல்நீர் அலங்கார மீன்களுட் பெரும்பாலானவை இன்றும் வளர்க்கப்படுபவையல்ல. நம் கரையோரச் சுழியோடிகள் போன்றோர் மூச்சடக்கியும் காற்றுக்கலன் சுமந்தும் பிடிப்பவை. பதினொரு நாளில் இறக்கும் மீன் வாங்கியவருக்கு இழப்பு, விற்றவருக்கு மறுவிற்பனை. ஆறுவாரம் பொறுக்கும்படி கூறுவதால் அவருக்கு வருவாயில்லை. ‘முதலிற் சில சாவது வழக்கம்’ என்னும் கணக்கின் தொனி, கோப்பிக் காலத்து மன்னார்–மாத்தளைப் பாதையின் வரலாற்றைப் படித்தோருக்குப் புதிதன்று. 1880களில் நுவரெலியாவின் ஓடைகளில் ஐரோப்பிய டிரவுட் மீனைக் குடியேற்ற முயன்ற துரைமாரும் தோல்வி கண்டனர். ஆனால் மீண்டும் மீண்டும் முட்டைகளை வருவிக்கவும், குஞ்சு பொரிக்கும் நிலையம் நடத்தவும் அவர்களிடம் வசதியிருந்தது. ஆசிரியர் சம்பளத்தில் வாழ்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

உறவினர் இப்போது தொட்டியில் மீனின்றி, நண்பரொருவரின் பழைய கடல்நீர்த் தொட்டியிலிருந்து பெற்ற ஒரு கைப்பிடி மணலையும் ஓர் இறால் துண்டையும் இட்டு, இரண்டு நாளுக்கொருமுறை அளந்து கொப்பியிற் குறித்துவருகின்றார். பம்பியும் வலுவானதொன்று. அமோனியா மூன்றாம் வாரத்தில் உச்சமடைந்து, ஐந்தாம் வாரத்திற் காணாமற் போயிற்று. நைத்திரைற்று இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. அதுவும் அற்றபின் ஒரேயொரு மீனை விடுவதென்றும், அடுத்ததை மாதமொன்று கழித்து நோக்குவதென்றும் எழுதியிருக்கின்றார்.